இரண்டு காதுகள், ஒரு விம்மல்

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவரின் அருகே உட்கார்ந்து பழகியவர்களுக்கு விம்மல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு தந்திகளும் ஏறக்குறைய ஒரே சுருதியை எட்டும்போது ஒலி பெருகுவதும் அடங்குவதுமாக அலையும். பிருடையைத் திருகத் திருக அந்த அலைவு மெதுவாகி, ஒரு கட்டத்தில் நின்றே போகும். மூளை அலைகளைப் பழக்குவதற்கென்று விற்கப்படும் ஒலிப்பதிவுகளின் அடிப்படையும் இதுதான். ஆனால் அவற்றில் இரு ஒலிகளும் காற்றில் கலப்பதில்லை. இடக்காதில் 200 ஹெர்ட்ஸும் வலக்காதில் 210 ஹெர்ட்ஸும் தனித்தனியே ஒலிக்க, இரு காதுகளின் செய்திகளும் ஒன்றுகூடும் மூளைத்தண்டில்தான் நொடிக்குப் பத்து விம்மல்கள் பிறக்கின்றன. ஜெரால்டு ஆஸ்டர் 1973-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய பிறகே இது ஆய்வகத்துக்கு வெளியே பரவலாகத் தெரியவந்தது.

நான் வாங்கிய பதிவு முப்பது நிமிடம் ஓடுவது. அதன் விம்மல், விழிப்பில் மேலோங்கும் பீட்டா என்னும் மூளை அலையின் 16 ஹெர்ட்ஸில் தொடங்கி, கண்மூடி ஓய்ந்திருக்கையில் மேலோங்கும் ஆல்ஃபாவின் 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, உறக்கத்தின் வாசலான தீட்டாவில் 6 ஹெர்ட்ஸைத் தொட்டு, மீண்டும் மேலேறும். இறங்குவதற்கு யாருக்கும் பயிற்சி தேவையில்லை, தூக்கம் வந்துவிடும். உறங்கிவிடாமல் ஏறி வருவதுதான் கடினம்.

மூன்று வாரம் சிரத்தையாகக் கேட்டேன், பலனும் இருந்தது. அதன் பிறகுதான், எப்போதோ ஒரு பக்க இயர்போன் பழுதான காலத்தில் நானே போட்டு வைத்த மோனோ அமைப்பு கைப்பேசியில் அப்படியே இருப்பதைக் கவனித்தேன். இரண்டு ஒலிகளும் முன்பே கலந்து இரு காதுகளுக்கும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. அதாவது இத்தனை நாளும் நான் கேட்டது தம்புரா விம்மலைத்தான். வெட்கமாக இருந்தது. பிறகு தேடிப் படித்தபோது, 2020-இல் ஈநியூரோ இதழில் வெளியான ஓர் ஆய்வு, மூளை அலைகளைத் தன் தாளத்துக்கு இழுப்பதில் இப்படிக் கலந்த விம்மலே வலிமையானது என்றும், இரண்டு வகையுமே மனநிலையை மாற்றவில்லை என்றும் சொல்வதைக் கண்டேன்.

அப்படியானால் எனக்குக் கிடைத்த அமைதி எங்கிருந்து வந்தது? கண்ணை மூடினாலே ஆல்ஃபா கூடும் என்பது மனித மூளை அலைகளை முதன்முதலில் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. தினமும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் அசையாமல் கிடந்ததற்கும் அதில் பங்கிருக்கும். 1950-களின் இறுதியில் சிகாகோவில் உளவியலாளர் ஜோ கமியா செய்தது வேறு வகை. மணி ஒலித்ததும், தான் ஆல்ஃபாவில் இருக்கிறோமா இல்லையா என்று கண்மூடியிருப்பவர் ஊகித்துச் சொல்வார். மூளை அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. கருவியைப் பார்த்து, அது சரியா தவறா என்று உடனே தெரிவிக்கப்படும். சில நாட்களிலேயே சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. என் பார்வையில் பயிற்சி என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். ஒலிப்பதிவு தன்பாட்டுக்கு ஓடுகிறது. நான் கூடவே வருகிறேனா, வழியிலேயே உறங்கிவிட்டேனா என்பது அதற்குத் தெரியாது.

ஈ.ஈ.ஜி. கருவி வாங்க வசதியில்லாததால், எனக்கான அடையாளங்களை நானே குறித்து வைக்கிறேன்: இமைத் துடிப்பு அடங்குவது, பல்லைக் கடித்திருக்கும் தாடை தளர்வது, அதுவரை காதில் விழாத மின்விசிறியின் கரகரப்பு கேட்கத் தொடங்குவது. இவை ஆல்ஃபாதானா என்று நான் சாதிக்க மாட்டேன். இப்போது வாரத்தில் மூன்று இரவுகள் பதிவே இல்லாமல் முயல்கிறேன். நேற்று மின்விசிறி கேட்பதற்குப் பதினான்கு நிமிடங்கள் ஆயின. அதற்கு முந்தைய முயற்சியில் கேட்கவே இல்லை, காலை அலாரம்தான் கேட்டது.