எங்கள் ஊர் பெரியவர்களை ஊசி போட வைத்த அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. மகளிர் குழுவிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்குத் தன்னார்வலராகப் போனேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிபி, சுகர் மாத்திரையை மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொரோனா ஊசி போடாத பெரியவர்களிடம் பேசி அழைத்து வருவதும் அதோடு சேர்ந்துகொண்டது.

60 வயது தாண்டியவர்களுக்கு அந்த மார்ச் 1 முதலே ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியும் எங்கள் ஊரில் நிறையப் பேர் போடவில்லை. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டு, 17ஆம் தேதி இறந்துபோனது அவர்கள் மனதில் நின்றுவிட்டது. அவருக்கு வந்தது மாரடைப்பு, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். பிறகு மத்திய அரசின் குழுவும் ஆராய்ந்து அதையே சொன்னது. சாவுச் செய்தி வந்துசேர்ந்த வீடுகளுக்கு அந்த விளக்கம் வந்துசேரவே இல்லை.

ஆனால் திண்ணையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டால் வேறு காரணங்களும் வந்தன. ஒரு தாத்தாவுக்கு, ரெண்டு நாள் காய்ச்சல் வந்தால் நூறு நாள் வேலைக் கூலி போய்விடுமே என்ற கவலை. மகன் பெங்களூரில் இருக்க, தனியாக வாழும் ஓர் ஆயா கேட்டார்: “காய்ச்சல்ல படுத்துட்டா ஒரு டம்ளர் கஞ்சி யாரு கண்ணு குடுப்பா?” இதற்கு மருத்துவ விளக்கம் சொல்லி என்ன பயன்? குழுப் பெண்களிடம் பேசி, தெருவுக்கு ஒருவர் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். கஞ்சி, பாராசிட்டமால், ராத்திரி ஒருமுறை எட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். அந்த ஆயா மறுவாரமே வந்தார்.

சுகர், பிபி இருப்பவர்கள் போடக் கூடாது என்ற எண்ணமும் பரவியிருந்தது. கொரோனா வந்தால் அதிகம் ஆபத்து அவர்களுக்குத்தான், அதனால்தான் அவர்கள் முதலில் போட வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். “நீ குடுக்கற மாத்திரையத்தான திங்கறேன், நீ சொன்னா சரி” என்றவர்கள் உண்டு. மைக் கட்டிய ஆட்டோ எத்தனை முறை சுற்றினாலும் அந்த வார்த்தை கிடைக்காது.

ஆளைச் சம்மதிக்க வைத்த பிறகும் வேலை இருந்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து. திறந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒருவர் இருவராகப் போனால், ஆள் சேரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். முட்டிவலியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் தெருவாகச் சேர்த்துத்தான் கூட்டிப்போக வேண்டும். செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை தமிழகம் முழுக்க நடந்த மெகா முகாம் இதற்குப் பெரிய உதவி. அன்று கூலி போகும் பயம் இல்லை, மருந்து வீணாகும் கவலையும் இல்லை.

அப்புறம் போன். பதிவுக்கு ஒரு நம்பர் வேண்டும். ஒரு நம்பரில் அப்போது 4 பேரைத்தான் சேர்க்க முடியும். மகன் நம்பரைக் கொடுத்தால், இரண்டாவது ஊசிக்கான எஸ்எம்எஸ் பெங்களூருக்குப் போய்விடும், இங்கே இருப்பவருக்குத் தெரியாது. முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் அப்போது 84 நாள் இடைவெளி. யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? மாதாமாதம் மாத்திரை கொடுக்கிறேன் இல்லையா, ஊசிக்குப் பிறகு மூன்றாம் முறை மாத்திரை கொண்டுவரும்போது அடுத்த ஊசி என்று சொல்லி வைத்தேன். தேதியை மாத்திரைக் கவரிலும் எழுதினேன். இது நன்றாகவே பிடித்துக்கொண்டது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து போடலாம் என்று மத்திய அரசு அந்தச் செப்டம்பரில் அறிவித்ததும், அவர்கள் பெயர்களைத் தனியாக எழுதி நர்சம்மாவிடம் கொடுத்தேன். உங்கள் ஊரில் இந்த வேலையைச் செய்பவர்கள் அந்தப் பட்டியலை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு வராத பெயர்களில் அவர்கள்தான் எளிதில் விட்டுப்போகிறார்கள்.