மலிவு விலை பைக் லிஃப்ட்: தூக்குவதெல்லாம் சரி, பிடிப்பது எப்படி?

பைக் வேலையை வீட்டிலேயே பார்ப்பவர்களுக்குத் தெரியும், வேலையைவிடத் தரைதான் பெரிய தொல்லை. செயினைத் துடைக்கக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், எழும்போது சீட்டைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும், உருண்டு போன வாஷரைத் தேட மறுபடியும் குனிய வேண்டும். இளவயதில் இதெல்லாம் கணக்கிலேயே வராது. இப்போது முட்டி கணக்குப் போடுகிறது. அதனால்தான் கராஜில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு லிஃப்டை வாங்கினேன். அதுவும் இருப்பதிலேயே விலை குறைந்த ரகம். சிலர் கேட்டதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்து 195 கிலோ. இதைத் தரையிலிருந்து தூக்கப் பல வழி உண்டு. பேடாக் ஸ்டாண்ட் வாங்கினால் பின் சக்கரம் சில அங்குலம் எழும்பும், ஆனால் நாம் தரையில்தான் உட்கார்ந்திருப்போம். எஞ்சினுக்கு அடியில் வைக்கிற சின்ன கத்தரி ஜாக் இன்னொரு வழி. ஃப்ரேம் குழாய் அடியில் தட்டையாக ஓடும் வண்டிகளுக்கு அது பொருந்தும். சைலன்சரோ, எஞ்சின் ஆயில் தேங்கும் சம்போ கீழே தொங்குகிற வண்டியில் அதை வைக்க இடமே கிடைக்காது. வண்டி முழுவதும் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டுமென்றால் மேஜை மாதிரி ஏறும் டேபிள் லிஃப்ட்தான் வழி.

இந்த மலிவு ரகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டு மீட்டரைத் தாண்டும் நீளம், ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் அகலம், இறக்கி வைத்தால் 18 சென்டிமீட்டர் உயரம், முழுசாக ஏற்றினால் 75 சென்டிமீட்டர் சுமார். காலால் மிதிக்கும் ஹைட்ராலிக் ஜாக். பக்கவாட்டில் "450 கிலோ" என்று பெரிதாக ஒரு ஸ்டிக்கர். ஆயிரம் பவுண்டைக் கிலோவாக்கினால் கிடைக்கும் எண் அது. வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்த ஸ்டிக்கரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி இல்லை. 195 கிலோ வண்டி அதில் பாதிகூட இல்லை. தூக்கும் வேலையை இந்த மலிவு லிஃப்டுகள் ஒழுங்காகவே செய்கின்றன. விலையைக் குறைக்க எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்றால், தூக்கிய வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சாமான்களில். முன் சக்கரத்தைக் கவ்வும் கிளாம்ப், பெல்ட் கட்டும் வளையங்கள், வண்டியை ஏற்றும் சாய்வுப் பலகையான ராம்ப். அங்கேதான் கஞ்சத்தனம் தெரியும்.

அளவெடுக்கும்போது தரையை மட்டும் அளக்காதீர்கள், கூரையையும் அளங்கள். கண்ணாடியோடு சேர்த்தால் வண்டி ஒரு மீட்டருக்கு மேல் உயரம். அது முக்கால் மீட்டர் ஏறினால் ட்யூப் லைட், ஷட்டர் சுருளும் பெட்டி எல்லாமே வழியில் வரும். இன்னொன்று, இந்தப் பலகை நேராக மேலே போவதில்லை. அடியில் பலகையைத் தாங்கும் இரும்புக் கைகள் சாய்ந்து நிமிர்வதால் வில் மாதிரி ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே ஏறும். முன் டயரைச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு மிதித்தால் பாதி உயரத்தில் சுவர் இடிக்கும்.

லிஃப்டே நூறு கிலோவைத் தாண்டும். இறக்கி உள்ளே தள்ளவே ஆள் வேண்டும். பிரித்ததும் முதல் வேலையாக ஒரு அரத்தை எடுத்து விளிம்புகளை ராவினேன். ஷீட்டை வெட்டிய இடமெல்லாம் கையைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. பிறகு கைகள் திரும்பும் பின்களைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கிரீஸ் என்ற பேச்சே இல்லை. துடைத்து, தடவி, திரும்பப் போட்டு, லாக் நட்டுகளை முறுக்கினேன். வெல்டிங்கை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழகாக இல்லை, ஆனால் ஓட்டையோ விரிசலோ இல்லை. அது போதும்.

புது ஜாக்கில் காற்று அடைத்திருக்கும். மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல இருக்கும், பலகை ஏறாது. ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகப் பலமுறை மிதித்தால் காற்று ஆயில் தொட்டிக்குப் போய்விடும். அதற்கப்புறம் மிதியில் ஒரு கெட்டித்தன்மை வரும், காலுக்கே தெரியும்.

வண்டியை ஏற்றுவதற்கு முன்னால் மணல் மூட்டைகளை அடுக்கி உயர்த்தினேன். பூட்டுக் கம்பியைப் போடாமல், ஹைட்ராலிக் மட்டும் தாங்கட்டும் என்று ராத்திரி முழுக்க விட்டேன். பலகை விளிம்புக்கு நேரே சுவரில் பென்சில் கோடு. காலையில் பார்த்தால் பலகை கோட்டுக்கு ஒரு விரல் தடிமன் கீழே நின்றது. சீல் வழியாக ஆயில் மெல்லக் கசிந்தால் இப்படித்தான் இறங்கும். இது போன்ற ஜாக்கில் இது பெரிய குறை இல்லை. ஆனால் வண்டி மேலே இருக்கும்போது எடையை ஆயில் தாங்கக் கூடாது, இரும்புதான் தாங்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. என் லிஃப்டில் இருப்பது கைகளுக்குக் குறுக்கே செருகும் கம்பி. வேண்டிய உயரத்துக்குச் சற்று மேலே ஏற்றி, கம்பியைச் செருகி, அப்புறம் ரிலீஸை மெல்ல மிதித்து எடையைக் கம்பிமேல் உட்கார வைக்க வேண்டும். கம்பியைச் செருகிவிட்டு இறக்காமல் விட்டால் எடை இன்னும் ஆயில்மேல்தான் இருக்கிறது.

இனி கிளாம்ப். கூடவே வருவது இரண்டு இரும்புத் தாடைகளும் ஒரு நீளத் திருகும். கைப்பிடியைச் சுற்றினால் தாடை டயரை நெருக்கும். பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். வண்டியை இறக்கிய நிலையிலேயே நிறுத்தி, திருகை இறுக்கி, சீட்டின் பின்பக்கத்தைக் கையால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். டயரின் அடியில் நாலு விரல் உயரத்தை மட்டும் தாடை கவ்வியிருக்கிறது, அதற்கு மேலே முழு வண்டியும் தலையாட்டும். பிடிபட்டிருப்பது ரப்பர், அது நசுங்கி நசுங்கிக் கொடுக்கும். இன்னும் இறுக்கினால் ஆட்டம் குறையாது, டயரில் தடம்தான் விழும். இதை நம்பி நான் வண்டியை முக்கால் மீட்டர் தூக்க மாட்டேன்.

அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டில் மாதிரி கவிழும் வீல் சாக் ஒன்றைப் போட்டேன். முன் சக்கரம் அதில் ஏறியதும் தொட்டில் முன்னால் கவிழ்ந்து டயரின் இரண்டு இடத்தில் அணைத்துக்கொள்ளும். வண்டியை விட்டுவிட்டுப் பெல்ட் எடுக்க இரண்டு கையும் கிடைக்கும், தனியாக வேலை பார்ப்பவனுக்கு அதுதான் பெரிய லாபம். பலகையில் ஓட்டை போட்டு, அடியில் அகல வாஷர் வைத்து போல்ட் போட்டேன். போல்ட் போடும் இடத்தை முடிவு செய்யும் முன் லிஃப்டை முழுசாக இறக்கிப் பாருங்கள். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனை மடங்கும் கைகளில் இடிக்கலாம். பெல்ட் கட்டும் வளையங்களும் மெல்லிய கம்பியை வளைத்து ஒட்டியவை. அவற்றுக்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் ஐ-போல்ட், அதாவது தலையில் வளையம் உள்ள போல்ட்.

கட்டும் விதம்: பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட்டின் கொக்கியை ஹேண்டில்பார் நுனியில் மாட்டக் கூடாது, பார் திரும்பிவிடும், வளையவும் செய்யும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் இரண்டையும் இணைக்கும் கீழ்க் கட்டையைச் சுற்றித் துணி வளையம் போட்டு, அதில் கொக்கி. இடமும் வலமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் வண்டி நேராக நிற்கும். ஃபோர்க் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். அமுங்காமல் தளர்வாகக் கட்டினால், நாம் வேலை செய்யும்போது ஃபோர்க் ஒருமுறை இறங்கி ஏறுவதற்குள் கொக்கி நழுவிவிடும். பின்னால் கேரியர் கம்பியிலிருந்து இரண்டு பெல்ட். இவ்வளவும் முடிந்த பிறகு சீட்டைத் தள்ளினால் வண்டியோடு சேர்ந்து லிஃப்டே அசையும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏற்றும்போது பக்கத்து வீட்டுத் தம்பி துணைக்கு வருவார். முதல் தடவை, "அண்ணா, ஓட்டியே ஏத்திடலாமே, எதுக்குத் தள்றீங்க?" என்றார். "பாதியில நின்னா கால எங்க வைப்ப தம்பி?" என்று கேட்டதும் பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பலகையின் அகலம் வண்டியின் கால்மிதிக்கே சரியாக இருக்கிறது. நின்றால் கால் தேடுவது 18 சென்டிமீட்டர் கீழே இருக்கும் தரையை. அதனால் நான் இடப்பக்கம் நடந்து ஹேண்டிலைப் பிடிக்க, அவர் பின்னாலிருந்து தள்ளுவார். கூட வந்த ராம்ப் குட்டை. அதன் மேல் முனையைத் தாண்டும்போது சென்டர் ஸ்டாண்ட் உரசியது. நீளமான தடித்த பலகையொன்றை முன்னால் போட்டுச் சாய்வைக் குறைத்ததும் சரியாகிவிட்டது.

மேலே ஏறிய பிறகு என்ன கிடைக்கிறது? நேரம் மிச்சமாகும் என்று சொல்ல மாட்டேன். ஏற்றி, கட்டி, பூட்டும் நேரத்தில் ஆயிலை வடித்துவிடலாம். கிடைப்பது வேறு. வண்டியின் அடிவயிறு கண் மட்டத்துக்கு வருகிறது. ஆயில் வடிக்கும் போல்ட்டைச் சுற்றி ஈரம், ஃபோர்க் சீலுக்குக் கீழே மெல்லிய எண்ணெய் வளையம், ஒயர் கட்டு ஃப்ரேமில் உரசித் தேய்ந்த இடம். தரையில் குந்தியிருந்தபோது இதையெல்லாம் பார்த்ததே இல்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பின் சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே சின்ன ஸ்பேனரால் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டுவது எனக்குப் பிடித்த வேலை. இறுக்கமான கம்பி 'டிங்' என்று கணீரென்று பாடும். தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் கொடுக்கும். அந்தக் கம்பியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டியதுதான்.

பின் சக்கரம் கழற்றுவதில்தான் லிஃப்ட் தன் காசுக்கு வேலை செய்கிறது. பலகையின் வால் பகுதியில் ஒரு தகடு தனியாகக் கழன்று வரும். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் சக்கரத்தின் நடு அச்சான ஆக்ஸிலை உருவினால் சக்கரம் அந்த இடைவெளி வழியாக நேரே கீழே இறங்கிவிடும். மட்கார்டில் இடிக்காமல் எடுக்க வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஆக்ஸில் நட்டை முதலில் தளர்த்துவது லிஃப்ட் தரையில் இருக்கும்போதுதான். நீளக் கம்பி போட்டுத் தொங்கி இழுக்கும் வேலை எதையும் மேலே வைத்துச் செய்யாதீர்கள். அந்த இழுவை முழுக்க லிஃப்டைப் பக்கவாட்டில் சாய்க்கத்தான் போகும்.

முன் சக்கரம் கழற்றுவது வேறு கதை. வண்டியைப் பிடித்திருப்பதே அந்தச் சக்கரம்தான். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சின்ன ஜாக் கொடுத்து, பெல்ட்டை வண்டியின் ஃப்ரேமுக்கு மாற்றிக் கட்டி, லிஃப்டை உயர்த்தாமல் கீழேயே வைத்து முடித்துக்கொள்கிறேன். முட்டிக்கு அன்று ஓவர்டைம்.

இறக்கும்போது அவசரம் கூடாது. முதலில் சற்று ஏற்றினால்தான் கம்பி விடுபடும், அதை உருவிவிட்டு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். எண்ணெய்த் தட்டு, ஸ்பேனர், பூனை, எது வேண்டுமானாலும் இருக்கலாம். ரிலீஸ் பெடலை முழுசாக மிதித்தால் பலகை பொத்தென்று விழுந்து வண்டி குதிக்கும். பெருவிரலால் அழுத்துவது போல மிதித்தால் அங்குலம் அங்குலமாக இறங்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் வேலை முடிந்ததும் மிதியைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. பின்களுக்கு அவ்வப்போது கிரீஸ், பலகையில் சிந்திய ஆயிலை உடனே துடைப்பது. ஜாக்கில் ஆயில் குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக் ஆயில் மட்டும்தான் ஊற்ற வேண்டும், பிரேக் ஆயில் கையில் இருக்கிறதே என்று ஊற்றினால் சீல் ஊறிக் கெட்டுவிடும். அளவு பார்ப்பது லிஃப்ட் முழுசாக இறங்கிய நிலையில்.

ஸ்கூட்டரும் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். ஏற்றலாம். சின்னச் சக்கரத்துக்கு வீல் சாக் சரியாகப் பொருந்தாது, தொட்டிலை வேறு துளைகளில் மாட்டி, டயரை அணைக்கும் இரண்டு இடங்களையும் நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கும். அடிப்பகுதி தாழ்வாக இருப்பதால் ராம்ப் முனையில் உரசவும் செய்யும், நீளப் பலகை அவசியம். பெல்ட் கட்ட இடம் தேடுவதுதான் அதில் பாதி வேலை. எங்கே கை வைத்தாலும் பிளாஸ்டிக்தான்.