புள்ளி தீர்வா இல்லையா: போட்டுப் பார்த்தால்தான் தெரியும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் காற்றே மாறிவிடும். 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.65 டிகிரி குறைகிறது. சேலத்தில் 34 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சேலத்தைவிட எத்தனை நூறு மீட்டர் உயரம் என்பது எக்ஸ், அங்கே வெப்பநிலை ஒய். அப்போது ஒய் = 34 − 0.65எக்ஸ். இது இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடு, அதாவது வரைபடத்தில் நேர்கோடாக வரும்.

ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலே. எக்ஸ் = 12, ஒய் = 26.2, அதாவது (12, 26.2) தீர்வா? 0.65 × 12 = 7.8, 34 − 7.8 = 26.2. இரு பக்கமும் ஒன்றே, ஆகவே தீர்வு. (12, 27) தீர்வல்ல. வெயில், மேகத்தைப் பொறுத்து அன்றைக்கு வெப்பமானி 27 காட்டலாம். ஆனால் சமன்பாட்டில் 'கிட்டத்தட்ட' என்ற பேச்சே இல்லை.

வரிசையை மாற்றி (26.2, 12) என்று போட்டால் வலப்பக்கம் 16.97 வரும், இடப்பக்கமோ 12. சேலத்துக்கு மேல் 2,620 மீட்டர் என்று அதற்குப் பொருள். சேர்வராயன் மலையில் அவ்வளவு உயரமே கிடையாது.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது குறை எண்ணில்தான். 3எக்ஸ் − 2ஒய் = 12 என்ற சமன்பாட்டில் (2, −3) என்ற புள்ளியை எடுங்கள். அவசரத்தில் 6 − 6 = 0 என்று எழுதி, 'தீர்வல்ல' என்று முடித்துவிடுவார்கள். பிரதியிடும் எண்ணை முதலில் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்: 3(2) − 2(−3) = 6 + 6 = 12. தீர்வுதான். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதித் தவறு போய்விடும்.

வரைபடத்தைப் பார்த்து மட்டும் முடிவு சொல்லக் கூடாது. 1 செ.மீ. = 1 அலகு என்ற அளவில் (3, −1.4) என்ற புள்ளி இதே சமன்பாட்டின் கோட்டுக்கு நேர் மேலே 1 மி.மீ. தள்ளித்தான் இருக்கும், மொட்டைப் பென்சிலின் கோடு அதை மூடிவிடும். பிரதியிட்டால் 9 + 2.8 = 11.8. தீர்வல்ல.

கோடு வரையும்போது மூன்று புள்ளிகள் எடுக்கச் சொல்வதும் தவறைக் கண்டுபிடிக்கத்தான். (0, −6) என்பதைத் தவறிப்போய் (0, 6) என்று குறித்தாலும் (4, 0) உடன் சேர்த்து ஒரு நேர்கோடு வந்துவிடும், தவறு தெரியாது. மூன்றாவதாக (2, −3)-ஐக் குறித்தால் அது கோட்டுக்கு 6 அலகு கீழே தனியாக நிற்கும்.