மூணு நாளு கணக்கு: ஆச்சியோட சுக்கும் அம்மாவோட அதிமதுரமும்

மழை ஆரம்பிச்சதும் வீட்ல வரிசையா எல்லாருக்கும் சளி, முதல்ல சின்னவன், அவன்ட்ட இருந்து எனக்கு, அப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு. ராத்திரி அடுப்புல கஷாயம் கொதிக்கிற வாசம் வந்தாலே எனக்கு எங்க ஆச்சி ஞாபகம் வந்துரும். எங்களுக்கு தென்காசி பக்கம் ஒரு சின்ன ஊரு, சாரல் சீசன்ல தொவச்ச துணி ரெண்டு நாளானாலும் காயாது, மூக்கு ஒழுகாத புள்ளைய அந்தத் தெருவுலயே பாக்க முடியாது, அதனால ஆச்சி அடுக்களையில சுக்கு டப்பா மட்டும் எப்பவும் காலியாவே இருக்காது.

ஆச்சி சுக்க அப்படியே தட்டிப் போடமாட்டா. சின்னக் கத்தி ஒண்ணு வச்சிருப்பா, அதுல மேல்தோல சுரண்டி எடுத்துட்டுதான் அம்மில வச்சுத் தட்டுவா. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சுட்டி"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. கடுக்காய்னா உள்ள இருக்க கொட்டையத் தூரப் போட்டுட்டு சதையை மட்டும் எடுத்துக்குவா. அரை விரல் நீளம் சுக்கு, பத்து மிளகு, ஒரு கைப்பிடி துளசி, கற்பூரவல்லி இலை நாலஞ்சு, இதெல்லாம் ரெண்டு டம்ளர் தண்ணில போட்டு ஒரு டம்ளரா வத்துற வரைக்கும் சின்னத் தீயில கொதிக்கணும், கடைசியில உடன்குடி கருப்பட்டி ஒரு துண்டு தட்டிப் போட்டு கண்டிப்பா வடிகட்டணும், கருப்பட்டில மண்ணு இருக்கும். பெரியவங்களுக்கு அரை டம்ளர், புள்ளைகளுக்கு ரெண்டு மூணு ஸ்பூன்.

இந்தக் கஷாயம் சளி வைரஸ கொன்னுரும்னு நான் சொல்லல. சாதாரண சளி அதுவா ஏழுல இருந்து பத்து நாளைக்குள்ள போயிரும், இருமல் மட்டும் கொஞ்ச நாள் இழுக்கும், மருந்து குடிச்சாலும் குடிக்காட்டியும் கிட்டத்தட்ட அதே நாளுதான் ஆகும். ஆனா அந்தப் பத்து நாளும் தொண்டை எரிச்சலோட தூக்கமில்லாம கெடக்குறதுக்கும், சூடா ஏதாவது தொண்டையில இறங்கி கொஞ்சம் கண் அசர்றதுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்குன்னு உடம்புக்கு முடியாதப்பதான் தெரியும். ஆச்சியும் "குணமாயிரும்"னு சொன்னதே இல்ல, "தொண்டைக்கு இதமா இருக்கும் குடி"ன்னுதான் சொல்லுவா.

அவகிட்ட இன்னொரு கணக்கு இருந்துச்சு. விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு ஊர்ல சொல்ற பழமொழிய அவ அடுக்களை மருந்துக்கும் சேத்து வச்சிருந்தா. மூணு நாளு பொறுத்துப் பாப்பா, காய்ச்சலோ வலியோ கொஞ்சம்கூட கொறையலன்னா நாலாம் நாள் காலையில முதல் பஸ்ஸுக்கு தென்காசி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு கிளம்பிருவா. மூச்சு வாங்குது, புள்ள துவண்டு கெடக்கு, ரத்தம் வருதுன்னா மூணு மணி நேரம்கூட பாக்கமாட்டா. பள்ளிக்கூடம் போகாத பொம்பள, ஆனா எங்க நிறுத்தணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இப்ப மொபைல்ல வர்ற வைத்தியக் குறிப்புல எல்லாம் என்ன போடணும்னு இருக்கு, எப்ப நிறுத்தணும்னு ஒண்ணுலயும் இல்ல. அதுக்காகத்தான் இதை எழுதணும்னே தோணுச்சு.

இருமலுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் வேற. மூணு நாள்ல இருமல் பெரும்பாலும் நிக்காது, பயப்பட வேண்டாம். ஆனா ரெண்டு வாரம் தாண்டிருச்சுன்னா கஷாயத்த மாத்தி மாத்திப் போட்டுட்டு இருக்காதீங்க, சளி டெஸ்ட் எடுக்கணும், டிபி இருக்கான்னு பாக்கணும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா பண்ணுவாங்க.

இப்ப அம்மா கதை. நாலு வருஷத்துக்கு முன்னாடி அம்மாக்கு வறட்டு இருமல் வந்துச்சு, சளி இல்ல, காய்ச்சல் இல்ல, பேச ஆரம்பிச்சா தொண்டையில குறுகுறுன்னு வந்து நிக்காம இருமுவாங்க. நாட்டு மருந்துக் கடையில அதிமதுரக் குச்சி வாங்கிட்டு வந்து ஒரு துண்டு வாயில அடக்கிக்கிட்டாங்க. நல்லா இனிப்பா இருக்கும், தொண்டைக்கு உடனே இதமாவும் இருக்கும், அதுல பொய்யே இல்ல. ஆனா அந்தத் துண்டு வாயை விட்டு எறங்கவே இல்ல, காலையில ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு ரெண்டு மாசம் ஓடிருச்சு. கால் வீங்குது, உடம்பு அசதியா இருக்குன்னு சொன்னப்ப வயசாகுதுல்லன்னு நானும் விட்டுட்டேன், அத நினைச்சா இப்பவும் வருத்தமா இருக்கு. ஒருநாள் தலை கனக்குதுன்னு கூட்டிட்டுப் போய் பாத்தா பிரஷர் 180க்கு மேல நிக்குது, ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் கொறஞ்சு கெடக்கு. பிரஷர் மாத்திரை ஒருநாள்கூட விடாம போட்டிருக்காங்களே எப்படின்னு டாக்டருக்கே புரியல. வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மான்னு ரெண்டு தடவை கேட்டாரு, ரெண்டு தடவையும் அம்மா இல்லன்னுதான் சொன்னாங்க. மறைக்கல, அதிமதுரத்த அவங்க மருந்துன்னே நினைக்கல. அப்ப வாயில வேற ஒரு துண்டு இருந்துச்சு, அத நான்தான் பாத்து சொன்னேன்.

அதிமதுரத்துல கிளிசிரைசின்னு ஒரு பொருள் இருக்கு, தினமும் நெறைய உள்ள போச்சுன்னா உடம்புல உப்பும் தண்ணியும் தேங்கி, பொட்டாசியம் வெளிய போயி, பிரஷர் ஏறும். இது அந்த டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதவிட ஆச்சரியம் அடுத்தது, அந்த வறட்டு இருமலே அம்மா போட்டுட்டு இருந்த எனாலாப்ரில்ங்கிற பிரஷர் மாத்திரையால வந்ததாம், அந்த வகை மாத்திரை போடுறவங்கள்ல கொஞ்சம் பேருக்கு இப்படி இருமல் வருமாம். ஆக பிரஷர் மாத்திரையால இருமல், இருமலுக்கு அதிமதுரம், அதிமதுரத்தால பிரஷர். வேற வகை மாத்திரைக்கு மாத்துனாங்க, ரெண்டு மூணு வாரத்துல இருமல் தன்னால நின்னுருச்சு, அதிமதுரத்த விட்டதும் பிரஷரும் எறங்கிருச்சு. அதனால பிரஷர், சுகர், இதயத்துக்கு மாத்திரை போடுறவங்க வீட்ல இருந்தா தயவுசெய்து டாக்டர்ட்ட சுக்கு முதல் வெந்தயம் வரைக்கும் எல்லாத்தையும் சொல்லுங்க. வெந்தயம் தினமும் ஸ்பூன் கணக்குல சாப்பிட்டா சர்க்கரையக் கொறைக்கும், மாத்திரையும் சேந்துச்சுன்னா சில நேரம் ரொம்பக் கீழ போயிரும்.

வயித்துப்போக்குக்கு வர்றேன், கை வைத்தியத்துலயே உயிரக் காப்பாத்துற ஒண்ணு இருக்குன்னா அது இதுலதான் இருக்கு. வயித்தால போகுதுன்னா ஆச்சி பழைய சோத்து நீத்தண்ணி இல்லன்னா அரிசிக்கஞ்சி, உப்பு போட்டு, கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருப்பா. மாதுளம் ஓட்ட மோர்ல அரைச்சும் குடுப்பா, ஆனா வேலை செஞ்சது கஞ்சியும் உப்பும்தான்னு இப்ப எனக்குப் புரியுது. கொடல்ல உப்பும் குளுக்கோஸும் சேந்து இருந்தா ஒண்ணு இன்னொண்ண கையப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போகும், கூடவே தண்ணியும் உள்ள போகும், கழிசல் நடந்துட்டு இருக்கும்போதுகூட இது நடக்கும். அரிசி மாவுச்சத்தும் உள்ள போயி குளுக்கோஸாத்தானே மாறுது. 1971ல வங்கதேசப் போர் நேரத்துல எல்லை தாண்டி வந்த அகதிங்க முகாம்ல காலரா வந்து ஜனங்க கொத்துக்கொத்தா செத்தப்போ, குளுக்கோஸ் பாட்டில் ஏத்த ஆளும் இல்ல பாட்டிலும் இல்லன்னு ஆனதும், டாக்டர் திலீப் மஹலனபிஸ் மேற்கு வங்கத்துல பொங்காவ்ங்கிற ஊர்ல உப்பையும் குளுக்கோஸையும் தண்ணில கலந்து டிரம்ல வச்சு வீட்டாளுங்க கையிலயே குடுத்து குடிக்க வைக்கச் சொன்னாரு. முகாம்ல 30 சதவீதம் வரைக்கும் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு. அவரு 2022ல காலமானாரு, அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க. எங்க ஆச்சி கிண்ணத்துல இருந்த உப்புக்கஞ்சிக்கும் அந்த டிரம்முக்கும் ஒரே சங்கதிதான்னு படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு.

ஓஆர்எஸ் பாக்கெட், அதாவது தண்ணில கலந்து குடிக்கிற அந்த உப்பு-குளுக்கோஸ் பொடி, இருந்தா அதுதான் முதல், ஆரம்ப சுகாதார நிலையத்துலயே குடுப்பாங்க. இல்லன்னா கொதிச்சு ஆறுன தண்ணி ஒரு லிட்டர், அதுல சர்க்கரை தலை தட்டி ஆறு டீஸ்பூன், உப்பு தலை தட்டி அரை டீஸ்பூன். அளவு ரொம்ப முக்கியம், உப்பு கூடுனா ஆபத்து, சர்க்கரை கூடுனா கழிசல் அதிகமாகும், அதனாலதான் கலர் கூல்டிரிங்க்ஸ், டப்பா ஜூஸ் எல்லாம் குடுக்கக் கூடாதுங்கிறது. புள்ளைக்கு ஸ்பூன் ஸ்பூனா, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு திரும்பவும். தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு சொல்லி தண்ணியவே நிறுத்துறவங்களை நான் கண்ணால பாத்திருக்கேன், அதை மட்டும் செஞ்சுராதீங்க. கண்ணு உள்ள போயிருச்சு, அழுதா கண்ணீர் வரல, ஆறு மணி நேரமா மூத்திரம் போகலன்னா வீட்ல இருக்கக் கூடாது.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிருறேன். தொண்டை வலிக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை ஸ்பூன் உப்பு போட்டு கொப்பளிக்கிறத விட சுலபமானது இல்ல. மசக்கைக்கு இஞ்சி நல்லாவே கேக்கும், கார்ல பஸ்ல வாந்தி வர்றவங்கள்லயும் சிலருக்குக் கேக்கும். வயித்து உப்புசத்துக்கு ஓமத்தண்ணி, ஓமத்துல தைமால்னு ஒண்ணு இருக்கு, அந்தக் காரமான வாசமே அதோடதுதான். பல்வலிக்கு கிராம்பு அந்த ராத்திரியத் தாண்ட மட்டும் உதவும், சொத்தை அப்படியேதான் இருக்கும், காலையில பல் டாக்டர். மஞ்சள் பால்ல மிளகுத்தூள் ஏன் போடுறாங்கன்னா, மிளகு இல்லாம மஞ்சள்ல இருக்க குர்குமின் உடம்புல ரொம்பக் கம்மியாத்தான் சேரும், 1998ல பெங்களூர்லயே இத ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. ஆவி பிடிக்கிறது பெரியவங்களுக்கு மட்டும் வச்சுக்கோங்க, கொதிக்கிற பாத்திரத்த புள்ளைங்க கிட்ட வைக்கவே வேண்டாம், கவுந்து வெந்து போன கால எங்க தெருவுலயே பாத்தாச்சு.

தீக்காயம்னதும் இன்னொண்ணு. தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது என் கையில எண்ணெய் தெறிச்சுது, பக்கத்துல இருந்தவங்க பதறிப்போயி டூத்பேஸ்ட்ட அப்பி விட்டாங்க, பாசத்துலதான் செஞ்சாங்க. மறுநாள் ஆஸ்பத்திரியில நர்ஸ் அந்தக் காஞ்ச பேஸ்ட்டக் கழுவி எடுக்கும்போது பட்ட வலி எண்ணெய் பட்டப்பகூட இல்ல. குழாய்த் தண்ணிய திறந்து விட்டு இருபது நிமிஷம் கைய அதுலயே காட்டணும், அவ்வளவுதான். பேஸ்ட், மை, இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம்.

கைக்குழந்தை விஷயத்துலதான் வீட்ல சண்டையே வரும். சின்னவன் பொறந்தப்ப எங்க அத்தை சேனை வைக்கணும்னு, அதாவது பொறந்த புள்ள நாக்குல இனிப்பு தொட்டு வைக்கணும்னு, தேன் வாங்கி வச்சிருந்தாங்க, அது அவங்க குடும்பத்துல மூத்தவங்க கையால நடக்குற பெரிய விஷயம், அவங்க ஆசைய நான் கொறை சொல்லமாட்டேன். ஆனா ஒரு வயசுக்குள்ள தேன் கூடாது, அதுல சில நேரம் இருக்க ஒரு கிருமியோட வித்து பச்சப்புள்ள கொடல்ல முளைச்சு விஷத்த உண்டாக்கி கை கால செயலிழக்க வச்சுரும். பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஒரு வயசு தாண்டுன புள்ளைங்களுக்கு இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் ராத்திரி குடுத்தா நல்லதும்கூட. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணிகூட வேண்டாம்னு டாக்டர் சொன்னத அத்தை முன்னாடியே சொல்ல வச்சோம். அத்தை கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. உரை மருந்துக்குன்னு எடுத்து வச்சிருந்த வசம்ப, எங்க பக்கம் ராத்திரியில அத பேர் சொல்லாததுன்னுதான் சொல்லுவாங்க, கல்லுல இழைக்காம தொட்டிலுக்கு மேல எட்டாத உயரத்துல கட்டி விட்டுட்டு, "சரிம்மா, வாசத்துக்கு இருக்கட்டும்"னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

மஞ்சக்காமாலைக்கு கீழாநெல்லி குடிச்சு சரியாயிருச்சுன்னு நெறைய பேர் சொல்லுவாங்க. தண்ணியால பரவுற காமாலை பெரும்பாலும் ஓய்வுலயே தானா போயிரும், அந்த நேரத்துல கீழாநெல்லி குடிச்சிருந்தா பேரு அதுக்குப் போயிரும். ஆனா பித்தப்பைக் கல்லு அடைச்சு வர்ற காமாலையும் இருக்கு, ஹெபடைடிஸ் பிங்கிற கல்லீரல் வைரஸால வர்றதும் இருக்கு, வெளிய இருந்து பாத்தா எல்லாம் ஒரே மஞ்சக் கண்ணுதான். ரத்த டெஸ்ட் எடுக்காம இதுக்கு மட்டும் எதுவும் குடிக்க வேண்டாம்.

அம்மா இப்ப செக்கப்புக்குப் போகும்போது மாத்திரை கவரோட ஒரு மஞ்சப்பையும் எடுத்துட்டுப் போறாங்க. போன தடவை அதுல சுக்கு, திப்பிலி, வெந்தயப் பொடி, கடுக்காய்ப் பொடி எல்லாம் இருந்துச்சு, ஒவ்வொண்ணா மேஜை மேல எடுத்து வச்சு எவ்வளவு சாப்பிடுறேன்னு ஸ்பூன் கணக்கோட சொன்னாங்க. டாக்டர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு வெந்தயத்த மட்டும் பாதியாக் கொறைக்கச் சொன்னாரு. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது அம்மா என்கிட்ட கேட்டாங்க, "ஆச்சியோட அந்தச் சுக்குக் கத்தி உன்கிட்டதானட்டி இருக்கு?" ஆமா, என்கிட்டதான் இருக்கு.