பழைய எம்.டி. 90க்கு லேத் வேலை செய்வித்த அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் லேத் கடைக்கு, அதாவது உலோகம் கடையும் பட்டறைக்கு, போவதென்றால் முதலில் பருவத்தைப் பார்க்க வேண்டும். பெரும்போக விதைப்புக்கு முன்னர் உழவு இயந்திரச் சாமான்களும் தண்ணீர்ப் பம்புகளும் வாசல் வரை குவிந்து கிடக்கும். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளின் சின்னப் புஷ் (போல்டைச் சுற்றி இருக்கும் குழல் போன்ற துண்டு) ஒன்றை நீட்டினால், "வைச்சிட்டுப் போங்கோ தம்பி" என்பார்கள். வைத்தது வைத்தபடியே கிடக்கும். விதைப்பு ஓய்ந்த பிறகுதான் நான் போனேன்.

என்னுடையது ஹொண்டா எம்.டி. 90. யப்பானில் தபால்காரருக்கென்றே செய்த வண்டி. கிரவல் ரோட்டில் சுமையோடு ஓட இதைவிட நல்லதை நான் காணவில்லை. பின்சில்லைத் தாங்கும் சுவிங் ஆர்ம் ஆடத் தொடங்கியிருந்தது. கழற்றினால் உள்ளே இறப்பர் புஷ் உதிர்ந்துபோயிருந்தது. அதே புஷ் எங்கும் கிடைக்காததால் கன்மெற்றல் என்ற வெண்கல வகையில் கடைவிக்க முடிவெடுத்தேன்.

அளவெடுத்துத் தாளில் படம் கீறியிருந்தேன். கூடவே சுவிங் ஆர்மையும் அதன் போல்டையும் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணை தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பொருளைத்தான் கையில் எடுத்தார். நல்ல லேத்காரர் அப்படித்தான். தேய்ந்த துவாரம் எப்போதும் சரியான வட்டமாக இருக்காது; இரண்டு மூன்று பக்கம் அளந்தால்தான் தெரியும்.

இறப்பர் புஷ்ஷில் இறப்பரே முறுகிக் கொடுக்கும். கன்மெற்றலிலோ உலோகத்தில் உலோகம் உரசும். ஆகவே உள்ளே ஒரு இரும்புக் குழாயும் கிறீஸ் நிற்க ஒரு தவாளிப்பும் கேட்டேன். வெளிவிட்டத்தைத் துவாரத்தைவிட 0.03 மில்லிமீற்றர் அளவு கூட்டிக் கடைந்தார். தலைமயிரில் பாதிகூட இல்லை, ஆனால் புஷ் இறுகி நிற்பது அதனால்தான். உள்விட்டத்தை மட்டும் முடிக்காமல் விட்டார். "இப்பவே முழுசாக் கடைஞ்சா, இறக்கினாப் பிறகு குழாய் போகாது" என்றார். உண்மைதான்: இறுக்கி ஏற்றும்போது புஷ் உள்ளுக்குச் சுருங்கும். ஏற்றிய பிறகுதான் ரீமர் என்ற, துளையைச் சீராக்கும் கருவியைப் போட்டு உள்ளளவைச் சரிசெய்தார். இதைச் செய்யாத கடையில் சுவிங் ஆர்ம் வேலை கொடுக்கவே கூடாது.

அப்புறம் எஞ்சின் ஒயில் வடிக்கும் போல்டின் புரி, அதாவது திருகு மரை. 12 மில்லிமீற்றர் புரி அலுமினியத்தில் முழுதாகத் தேய்ந்துவிட்டது. சுற்றிலும் போதிய தடிப்பு இருந்ததால் 14 மில்லிமீற்றருக்கு, 1.5 பிச்சில் (புரிக்குப் புரி இடைவெளி), டாப் என்ற புரி வெட்டும் கருவியைப் போட்டோம். டாப்பின் தவாளிப்புகளில் கிறீஸ் நிரப்பிக்கொண்டால் சீவல் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்; இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் விழுந்து ஒயில் பம்பைக் கெடுக்கும். முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி அலசினோம். புதுப் போல்ட் கடையத் தேவைப்படவில்லை. ஹொண்டா காருக்கு அதே புரியில்தான் ஒயில் போல்ட் வருகிறது. கார் சாமான் கடையில் வாங்கி, நீளத்தை மட்டும் லேத்தில் குறைத்துப் பூட்டினோம்.