78-ஆ, 79-ஆ?

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்டுகளுக்கு கோடிங் போடுவது, அதாவது செய்த சிகிச்சையை இன்சூரன்ஸ் பில்லுக்கான எண்களாக மாற்றுவது, என் வேலை. கார்டியாலஜிக்கு மாறிய முதல் மாதமே ஒரு பேஸ்மேக்கர் சார்ட் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

டூயல் சேம்பர் பேஸ்மேக்கர் (இதயத்தின் இரண்டு அறைகளைத் தூண்டுவது) வைத்த 12-ஆம் நாள், லீட், அதாவது இதயத்துக்குள் போகும் வயர், இடம் நழுவியிருக்கிறது. நோயாளியைத் திரும்ப கேத் லேபுக்கு (இதயத்துக்குள் குழாய், வயர் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறை) கொண்டுபோய் அதைச் சரிசெய்திருக்கிறார்கள். நழுவிய லீட்டைச் சரிசெய்வதற்கான 33215 கோடைப் போட்டேன், மாடிஃபையர் (எந்தச் சூழ்நிலையில் செய்தது என்று சொல்ல கோடோடு ஒட்டும் 58, 78, 79 போன்ற குறி) போடவில்லை. இரண்டாவது முறை செய்தவர் வேறு டாக்டர்; முதல் டாக்டரின் 90 நாள் குளோபல் (சர்ஜரிக்குப் பிந்தைய வழக்கமான கவனிப்பு முதல் பில்லிலேயே அடங்கிவிடும் காலம்) இவரை என்ன செய்யும் என்று ஒரு தைரியம். கிளெய்ம் டினையலாகி வந்தது. இருவரும் ஒரே குரூப், ஒரே ஸ்பெஷாலிட்டி. அப்படியிருந்தால் மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்) கணக்கில் இருவரும் ஒரே ஆள்தான்.

சரி, முதல் சர்ஜரியோடு சம்பந்தமில்லாதது என்று சொல்லும் 79 போட்டு அனுப்பிவிடலாம் என்று கிளம்பினேன். பணமும் முழுசாக வரும். டி.எல். (டீம் லீடர்) அக்கா ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, "அந்த லீட்டை யாரு, எப்ப வெச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதல் சர்ஜரியில் வைத்த லீட் நழுவியது, அந்த சர்ஜரியோடு சம்பந்தமில்லாததா? முன்கூட்டித் திட்டமிட்டதும் இல்லை என்பதால் 58-க்கும் வழியில்லை. மிச்சம் 78: முதல் சர்ஜரியோடு சம்பந்தப்பட்ட, திட்டமிடாத மறு சர்ஜரிக்கானது.

அதிலும் ஒரு சந்தேகம். 78 என்றால் ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பியிருக்க வேண்டும். இது கேத் லேப் ஆச்சே? தேடிப் பார்த்தால் மெடிகேர் விளக்கத்தில் கேத் லேபும் தியேட்டர்தான். ஆனால் வார்டில் படுக்கையருகே செய்திருந்தால் 78 கிடையாது. 78 போட்டால் சர்ஜரி நேரத்துக்கான பங்கு மட்டுமே கிடைக்கும். புதிய 90 நாளும் தொடங்காது, பழைய கணக்கே ஓடும்.

திருத்தி அனுப்பியதும் பணம் வந்துவிட்டது. அப்புறம் கையோடு என் பழைய 33208 (டூயல் சேம்பர் பேஸ்மேக்கர் வைப்பதற்கான கோடு) சார்ட்டுகளையும் புரட்டினேன். அவற்றில் மெடிகேருக்கு கே.எக்ஸ். என்ற மாடிஃபையர் வேண்டும்: இதயத் துடிப்புக் குறைவுக்கு அறிகுறி இருக்கிறது, தானாகச் சரியாகாது என்பது குறிப்பில் இருக்கிறது என்று நாம் கொடுக்கும் வாக்கு அது. ஒரு சார்ட்டில் வெறும் 'பிராடிகார்டியா' (துடிப்புக் குறைவு) மட்டும் இருந்தது. நோயாளி துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை வேறு சாப்பிடுகிறார். மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடுமோ என்னவோ, அதை நான் முடிவு செய்ய முடியாது. டாக்டருக்கு கொயரி போட்டிருக்கிறேன். சார்ட் இன்னும் ஹோல்டில்தான்.