செராமிக் விரிசலை அளக்க ஒரு ஷேவிங் பிளேடு

அலுமினாவில் (அலுமினிய ஆக்சைடு) சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) கலந்து சுட்ட செராமிக், விரிசலை எவ்வளவு தாங்கும் என்று அளக்க வேண்டியிருந்தது. சுலபமான வழி, மெருகேற்றிய பரப்பில் விக்கர்ஸ் எனப்படும் பிரமிடு வடிவ வைரமுனையை அழுத்தி, குழியின் மூலைகளிலிருந்து ஓடும் விரிசல்களின் நீளத்தைச் சூத்திரத்தில் போடுவது. ஆனால் சூத்திரத்துக்குச் சூத்திரம் விடை மாறும். இதை விட்டுவிட வேண்டும் என்று 2007-லேயே குவின், பிராட் என்ற செராமிக் ஆய்வாளர்கள் எழுதினார்கள். என் கருத்தும் அதுதான்.

அதனால் ஐஎஸ்ஓ 23146 என்ற சர்வதேசத் தரநிலை சொல்லும் வி வடிவ வெட்டு முறைக்குப் போனேன். கூரிய வெட்டு போட்ட சட்டத்தை வளைத்து உடைத்து, உடைத்த விசையையும் வெட்டின் ஆழத்தையும் வைத்துக் கணக்கிடுவது அது. 3-க்கு 4 மி.மீ குறுக்களவுள்ள செராமிக் சட்டங்களை வரிசையாக ஒட்டி, இரு ஓரத்திலும் சோதனைக்குச் சேராத சட்டம் ஒவ்வொன்று வைக்க வேண்டும். ஓரங்களில்தான் வெட்டு கோணலாகும். வைரச் சக்கரத்தால் மெல்லிய பள்ளம் போட்டு, அப்புறம் அதில் வைரப் பசை தடவி, சாதாரண ஷேவிங் பிளேடை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். அழுத்தவே கூடாது.

பொறுமை தேவைப்படுவது இங்கேதான். வெட்டின் நுனி மழுங்கியிருந்தால், பொருள் உள்ளதைவிட உறுதியானதாகக் கணக்கில் வரும். நுனி ஆரம் 10 மைக்ரானுக்குள் இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டேன். பசையை நைஸாக மாற்றும்போதெல்லாம் சட்டங்களை அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, புது பிளேடு போட்டேன். பழைய பசைத் துகள் கொஞ்சம் தங்கினாலும் நுனி அகன்றுவிடும்.

நான்கு புள்ளி வளைப்பில், அதாவது கீழே இரண்டு, மேலே இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி, உடைப்பது சட்டென்று முடிந்துவிடும். ஒரு ‘டிக்’ சத்தம், அவ்வளவுதான். உடைந்த முகத்தில் வெட்டின் ஆழத்தை மூன்று இடத்தில் அளந்து, சீராக இல்லாததை ஒதுக்கினேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் பிறகு பார்த்த, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே வரைபடம். மெருகேற்றிய பரப்பில் சிர்கோனியா பெரும்பாலும் டெட்ராகோனல் என்ற படிக வடிவத்தில் இருந்தது. உடைந்த முகத்திலோ 28, 31 பாகைக்கு அருகே மோனோகிளினிக் என்ற இன்னொரு படிக வடிவத்தின் முகடுகள் தெளிவாக எழுந்திருந்தன. விரிசல் முனையின் இழுவிசையில் அந்தத் துகள்கள் வடிவம் மாறி, கிட்டத்தட்ட 4 சதவீதம் உப்பி, விரிசலையே நெருக்கிப் பிடிக்கின்றன. இப்படித்தான் சிர்கோனியா உறுதியாகிறது என்று 1975-ல் கார்வி என்ற ஆய்வாளரின் குழுவினர் சொன்னது என் கையால் உடைத்த சட்டத்திலேயே தெரிந்தது!

இப்போது யாருக்கு முடிவு அனுப்பினாலும், வெட்டு நுனியின் நுண்ணோக்கிப் படத்தையும் அளந்த ஆரத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன்.